இருபத்தேழு வாக்குகள்

எங்கள் பேருந்தின் சக்கரம் ஆளுயரம்.
முன்னால் ஒரு டிராக்டர், அதில் நான்,
தூரா யெப்பெசென், பதினெட்டு வருடமாக
வாடன் கடலின் தரையில் வண்டி ஓட்டுகிறவள்.
ஒரு நாளில் இரண்டு முறை அது சாலை.
மிச்ச நேரம் மீன்களுடையது.

நேரப்பட்டியலை இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
இன்று மூன்றுக்கு வற்றம் என்றால்
நாளை நாலுக்குப் பத்து நிமிடம் முன்.
நகரத்துப் பயணிகள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்கள்,
நான் தூங்கிப்போய்த் தாமதமாக வந்ததுபோல.
பூமி ஒரு சுற்று முடித்துத் திரும்புவதற்குள்
நிலா சற்றே தள்ளிப் போய்விடுகிறது, ஐயா.
எட்டிப் பிடிக்க இன்னும் ஐம்பது நிமிடம்.

தேர்தல் அன்று அரை நிலா.
சூரியன் ஒரு பக்கம், நிலா அதற்குக் குறுக்கே;
ஒன்றின் இழுப்பை மற்றது கெடுக்க
கடல் முழுதாய் ஏறவும் இல்லை,
முழுதாய் வடிவதாகவும் இல்லை.
எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது.
எட்டேகாலுக்கு ஓதம் உச்சியில் நின்றது.
தீவின் இருபத்தேழு வாக்குகளும்
அரக்கு முத்திரையோடு எஸ்பெனின் மடியில்.

ரீபே நகரத்திலிருந்து தொலைபேசி:
எல்லாப் பெட்டியும் வந்தாயிற்று, உங்களுடையது?
தண்ணீர் இருக்கிறது, என்றேன்.
எப்போது போகும்?
நள்ளிரவில். பட்டியல் அப்படிச் சொல்கிறது.
மேற்குக் காற்று பட்டியல் படிப்பதில்லை.
வடிய வேண்டியதைக் கரையோடு நெருக்கிப்
பிடித்துக்கொண்டிருந்தது, ஒன்றரை வரை.

காத்திருந்தபோது எஸ்பென் கேட்டான்:
நிலா தன் பக்கத்துத் தண்ணீரை இழுக்கிறது, சரி.
அதற்கு முதுகு காட்டும் பக்கத்திலும்
ஏன் ஏறுகிறது?
வண்டியை நான் வெடுக்கென்று எடுத்தால்
கடைசி இருக்கை ஆட்கள் என்ன ஆவார்கள்?
பின்னால் சாய்வார்கள்.
அந்தத் தண்ணீரும் அப்படித்தான். நிலாவுக்கு எட்டத்தில்
இழுப்பு குறைச்சல். பூமி முன்னே நகர,
அது பின்தங்கிவிடுகிறது.
அவன் பெட்டியை இறுக்கிக்கொண்டான்.
மெதுவாகவே எடு, என்றான்.

விளக்கொளியில் ஒவ்வொன்றாய் வந்தன
வழிக்கு நட்ட மரக்கிளைகள்.
நடு ஓடையில் தண்ணீர் அச்சு வரை.
சேறு சக்கரத்தை நக்கி நக்கி விட்டது.
வானொலியில் யாரோ ஜெயித்து
மக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.
எங்கள் இருபத்தேழும் அப்போது
கடலின் அடியில் இருந்தன,
காலையில் மீன் நீந்தப்போகும் உயரத்தில்.
எஸ்பென் கைநீட்டி வானொலியை அணைத்தான்.

மூன்று மணிக்கு, தூங்கி வழியும் குமாஸ்தா
ஒரு படிவம் நீட்டினாள்.
தாமதத்தின் காரணம்?
நிலா, என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
‘மோசமான வானிலை’ என்று எழுதிக்கொண்டாள்.
இருக்கட்டும். காற்றும் இருந்ததே.
வாதாட நேரமில்லை;
நாலரைக்குள் ஓடையைத் தாண்டாவிட்டால்
மதியச் சாப்பாடு ரீபேயில்தான்.