எட்டுக் கட்டம்

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டர் என்னுடையது.
முதலாவதில் பூவராகன் அண்ணன் பத்திரம் அடிப்பார்.
எனக்கு வருவதெல்லாம் படிவம்.

புயல் போன மூன்றாம் வாரம்
மாதிரித் தாள் ஒன்று வந்தது,
நகலின் நகலின் நகல்.
அதில் ஒரு வாக்கியம்:
'புயலில் சேதமடைந்த, பதிவு எண்'
இங்கே எட்டுக் கட்டம்
'கொண்ட எமது படகுக்கு நிவாரணம் வழங்குமாறு.'
எட்டும் சேர்ந்தால்
தீப்பெட்டி நீளத்துக்குச் சற்று மேல்.

வரி நடுவில் டேபிள் போட்டேன்.
வரி இரண்டாக முறிந்தது.
'பதிவு எண்' மேலே நிற்க,
'கொண்ட எமது படகுக்கு' கீழே விழ,
நடுவில் கட்டம்
பந்தியை மறித்துப் போட்ட பீரோவாய்
தாளின் முழு அகலத்துக்கும் படுத்துக்கொண்டது.

மவுஸால் பிடித்து இழுத்தேன். வந்தது.
எழுத்துகள் ஒதுங்கி இடம் விட்டன.
ஒரு நிமிடம் அழகு.
மேலே எங்கோ ஒரு எண்டர் தட்டியதும்
கிளம்பிப் போய்
'அனுப்புநர்' வயிற்றில் உட்கார்ந்தது.

"புள்ளி வச்சி விடும்மா தில்லைமலர்,
கையால எழுதிக்கட்டும்" என்றார் அண்ணன்.
புள்ளி வைத்த இடத்தில்
ஏழு எழுதுவார்கள், ஒன்பது எழுதுவார்கள்.
எண் தப்பினால் பணமும் தப்பும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
டீ வந்தது, குடித்தேன்.

கடைசியில் அந்தத் தந்திரம்தான்.
வாக்கியத்தையே பெரிய டேபிளுக்குள் வைத்து
இடப்பக்கம் முன்பாதி,
வலப்பக்கம் பின்பாதி,
இடையில் எட்டுக் கட்டம்.
பிறகு பெரியதன் கோடுகளை மட்டும்
'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்
கோடு இருக்கும், தெரியாது.
பார்க்கிறவர்களுக்கு
தானாக அமைந்த மாதிரி இருக்கும்.

நாலாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள்.
சோனாங்குப்பம்.
நின்றபடியே தாளைப் படித்தாள்.
'உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில் விரல் நின்றது.
அதுவும் ஒரு குட்டி டேபிள்தான், ஒரே வரிசை.
"எங்க படகுல மூணு பங்கு.
நானு, எங்க நாத்தனா, அவ கொழுந்தன்.
ஒரு பேரு போட்டா
மத்த ரெண்டு பேரு என்னா, கடல்ல போயிட்டாங்களா?"

வரிசை கூட்டுவது ஒரு தட்டு.
இரண்டு கூட்டினேன்.
கையொப்பம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது,
வெள்ளைத் தாளின் உச்சியில், தன்னந்தனியாக.
இரண்டு பக்கம் என்றால் வாங்கமாட்டார்கள்.
அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள்.
"வெறுந்தாள்ல நான் கையெழுத்து போடமாட்டேன்."

ஓரங்களைக் கொஞ்சம் சுரண்டினேன்.
எழுத்தைப் பன்னிரண்டிலிருந்து பதினொன்றாக்கினேன்.
'மதிப்பிற்குரிய ஐயா'வுக்கு அடியிலிருந்த
வெற்று வரியை எடுத்தேன்.
ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
'தங்கள் உண்மையுள்ள'வையும் எடுத்தபோது
கையொப்பம் திரும்பி வந்தது,
பக்கத்தின் கடைசிப் படியில்
ஒற்றைக் காலை ஊன்றி.

கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
எட்டு.
"பின்பாதிதான் கரையில ஒதுங்குச்சி.
அதுல நாலு நம்பர் இருக்கு."
மீதி நான்கையும்
யோசிக்காமல் சொன்னாள்.
நான் அடித்தேன்.
ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் இறங்கியது.

கோப்பை 'மூணு பங்கு' என்று சேமித்தேன்.
சாயங்காலத்துக்குள் 'ரெண்டு பங்கு' வந்தது,
'அஞ்சு பங்கு' வந்தது.
அஞ்சு பங்குக்குப் பதினொன்றும் பத்தாகிவிட்டது;
கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்.

அலுவலகத்திலிருந்து ஒரு பையன்
பென்டிரைவ் கொண்டு வந்தான்.
தாளாகத்தான் கொடுத்தேன்.
அங்கே வேறு ஃபாண்ட் இருக்கும்,
திறந்ததும் எல்லாம் மறுபடி நகரும்.
"பைலா கேட்டாங்களே அக்கா" என்றான்.
கட்டி வைத்த கட்டை அவன் கையில் வைத்து
எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.