ஒரு சீட்டின் கனம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டிலிருந்து முப்பதடி
என் லாட்டரிக் கடை.
கடை என்றால் தகரப்பெட்டி, ஒரு ஸ்டூல்,
சீட்டுகளின் மேல் நான்கு கூழாங்கல்.
ஆடியில் கணவாய்க் காற்று
கல்லையும் சேர்த்துக் கேட்கும்.

பார்சல் வந்து சேரப் பதினொரு நாள்.
"சபூராக்கா, இது எந்த ஸ்டேட் அட்ரஸ்?"
கேட்ட கொரியர் பையன் மேல் தப்பில்லை.
பொள்ளாச்சி வரை வந்தது
பாலக்காடு போய்த் திரும்பியிருக்கிறது.

உள்ளே வண்டி இல்லை.
வண்டியாகப் போகிற இருபத்து மூன்று பைகள்.
கையேட்டில் ஜப்பான் எழுத்து. பரவாயில்லை,
திருகாணிகளை அசல் அளவில் வரைந்திருந்தார்கள்.
படத்தின் மேல் படுக்கவைத்தால்
எட்டா பத்தா என்று அதுவே சொல்லிவிடும்.

"அஞ்சுல முடியுற நம்பர் இருக்கா?"
கிழித்துக் கொடுத்துவிட்டு
டிஃபரன்ஷியலுக்குள் எண்ணெய் விட்டேன்.
தேனைவிடக் கெட்டி.
நிறைந்தால் கசியும். குறைந்தால்
ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும்,
மற்றது சும்மா நிற்கும்,
வீட்டில் நானும் ஹனீபாவும் போல.

ஷாக் குழாய்களை நிறைத்து
நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தேன்.
தண்டை மெல்ல ஏற்றி இறக்க
ஒரு குமிழ். இன்னொன்று.
முடிந்தது என்று மூடப்போனால்
அடியிலிருந்து மறுபடி ஒன்று.
இவ்வளவு காற்றை யார் உள்ளே வைத்தது?
வேடிக்கை பார்த்தவர்
கோட்டயம் பஸ்ஸை விட்டுவிட்டார்.

ஒரு கிளிப், நகத்தில் பாதி அளவு,
விரலிலிருந்து தெறித்துப் பறந்தது.
எந்த மாநிலத்தில் விழுந்ததோ.

மோட்டாரின் சின்னப் பல்லும் பெரிய சக்கரமும்
ஒன்றையொன்று கடிக்கவும் கூடாது,
விட்டு நிற்கவும் கூடாது.
நடுவே ஒரு தாள் வைத்து நெருக்கு,
முறுக்கு, தாளை உருவு என்கிறது படம்.
நேற்று விற்காமல் என் தலையில் நின்ற சீட்டை வைத்தேன்.
பல் பல்லாக மடிந்து வெளியே வந்தது.
சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை.
இருபது வருஷத்தில்
எனக்கு விழுந்த முதல் சீட்டு.

மேல்மூடி கண்ணாடி போல.
வர்ணம் உள்பக்கமிருந்து அடிக்க வேண்டும்.
முதலில் அடிப்பதுதான் வெளியே தெரியும்,
ஆகவே கோடு முன்னால், நிறம் பின்னால்.
பழக்கதோஷம், முழுக்க மஞ்சள் அடித்துவிட்டு
சிவப்புக் கோட்டை அப்புறம் போட்டேன்.
அது உள்ளே இருக்கிறது.
மூடியைக் கழற்றினால் தெரியும்.

ஞாயிறு, கொழிஞ்சாம்பாறை தாண்டி,
குவாரிக்குப் பின்னால் செம்மண் மேடு.
சித்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர்,
குனியமுத்தூர் லேத் பட்டறைப் பையன்கள் மூன்று பேர்.
கொடி பிடித்தவன் கேட்டான்,
"சேச்சி, மோன்டெ வண்டியாணோ?"
"அல்ல. என்டெ."

கொடி இறங்கியது.
வலது திருப்பினேன், இடது போனது.
நேராகக் கள்ளிவேலி.
எல்லோரும் சிரிக்க நானும் சிரித்து
ரிமோட்டின் அடியில் அந்தப் பொடி சுவிட்சைத் தட்டினேன்.
இரண்டாம் சுற்றில் டாக்டரைத் தாண்டினேன்,
அவர் பேட்டரி தீர்ந்திருந்தது, இருந்தாலும் தாண்டல்தான்.
மூன்றாம் சுற்றில் மேட்டிலிருந்து எழும்பி
அப்பா, எவ்வளவு நேரம் மேலேயே நின்றது,
மூக்கு குத்தி விழுந்தது.
முன் இடது கை முறிந்தது.
மூன்று சக்கரத்தில் இழுத்து இழுத்து
புழுதி முழுக்க அடங்கிய பின்
கோட்டைத் தொட்டது.

"எவ்வளவு செலவு?" என்றார் ஹனீபா.
பாதி சொன்னேன்.

திங்கள், மணி இரண்டே முக்கால்.
கையேட்டில் உடைந்த பாகத்தைத் தேடிக்கொண்டிருக்கையில்
அவசரமாக ஒருவர்,
"சீக்கிரம், ஒரு நல்ல நம்பராச் சொல்லுங்க."
விரல் இருந்த இடத்தை வாசித்தேன்,
ஐந்து, பூஜ்யம், எட்டு, ஏழு.
கட்டு கட்டாகப் புரட்டி
அதில் முடிகிற சீட்டைக் கண்டெடுத்து
நெற்றியில் ஒற்றிக்கொண்டு
பொள்ளாச்சி பஸ் ஏறினார்.