ஐந்து அங்குலக் கடல்

தியோ கடைக் கண்ணாடி மேசையில்
மூன்று கடல்கள் ஓடிக்கொண்டிருந்தன.
ஐந்து அங்குலம், ஏழு, ஒன்பது.
மூன்றிலும் ஒரு கறுப்புப் படகு
எந்த நாட்டுத் துறைமுகத்தையோ
சுற்றிச் சுற்றி வந்தது.
"டெமோ," என்றார் தியோ.
"நான் சாப்பிடப் போனாலும் அது ஓடும்."

வடமலை ஒன்பதின் முன்னால் நின்றுவிட்டார்,
ஜிபிஎஸ் வாங்க வந்ததை மறந்து
டிவி வாங்க வந்தவர் மாதிரி.

நான் செம்பனை ஆலையில் தராசுக் கிராணி.
லாரி ஏறும், லாரி இறங்கும்;
மொத்தத்தில் லாரியைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் பழம்.
இருபத்திரண்டு வருசமாய்க்
கழித்துப் பார்த்தே பழகிய கண்.

எங்கள் படகு பதினெட்டு அடி. ஒரே பேட்டரி.
காலையில் இயந்திரத்தை எழுப்புவதும் அதுதான்.
ஒன்பது அங்குலம் அதைக் குடித்துவிட்டால்
கிரியான் முகத்துவாரத்தில் உட்கார்ந்து
அழகாகப் படம் பார்க்கலாம்.

ஏழு, தொடுதிரை.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
விரலை நனைத்துத் தொட்டேன்.
படகு பாய்ந்து மலைமேல் ஏறியது.
தியோ சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
நண்டு வலை இழுக்கிற கையில்
சேறு இருக்கும், செதில் இருக்கும்,
காய்ந்த விரல் மட்டும் இருக்காது.

போன செப்டம்பரில் புகைமூட்டம்.
விடிந்தும் விடியாத வெள்ளை.
நாலு மணி நேரம் சுற்றியவர்
தன் மிதவையையே மூன்று தடவை கண்டுபிடித்தார்.
ஒவ்வொரு தடவையும்
"இங்கேயும் எவனோ வலை போட்டிருக்கானே" என்றாராம்.
கடைசியில் ஆலைச் சங்கு ஊதியது,
ஷிப்டுக்குக் கூப்பிடும் அதே சங்கு.
சத்தத்தின் பக்கம் மூக்கைத் திருப்பி
வந்து சேர்ந்தார்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
அன்று நான் எழுதிய எடைச் சீட்டுகளில் மூன்று
மறுநாள் தப்பென்று திரும்பி வந்தன.

"இந்த வரைபடம் எந்த வருசத்தது?"
தியோ அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"முகத்துவாரத்தில் இரண்டு மீட்டர் என்கிறது.
பாக் மாட் நோர் போன மாசம் அங்கேதான்
முழங்கால் சேற்றில் நின்று படகைத் தள்ளினார்."
"சேறு நடக்கும் அக்கா. படம் நடக்காது லா."
அந்த ஒரு உண்மைக்காக
அவரிடமே வாங்குவதென்று முடிவு செய்தேன்.
விலைக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்து அங்குலம். பொத்தான் வைத்தது.
வயர் எட்டிய மட்டும்
வெயிலுக்குத் தூக்கிப் போனேன். எழுத்து தெரிந்தது.
டெமோவை நிறுத்தச் சொன்னேன்.
துணைக்கோள்கள் ஒவ்வொன்றாய் வந்தன,
நாலு, ஏழு, பதினொன்று.
அந்நியக் கடல் அணைந்து
நாங்கள் வந்தோம்:
மஞ்சள் மேல் ஒரு கறுப்புப் படகு.

கடலுக்குப் போகிறவன் படத்தில்
நிலம் வெறும் மஞ்சள்.
லயம் இல்லை, தமிழ்ப்பள்ளி இல்லை,
நான் உட்காரும் தராசு இல்லை.
மரம் இரண்டு லட்சம் இருக்கும்,
ஒன்றுகூட இல்லை.
வருத்தப்படலாமா என்று நான் யோசிப்பதற்குள்
வடமலை விரலை வைத்தார்.
(தொட்டும் அசையாத திரை. நல்லது.)
மஞ்சளுக்குள் சின்னதாய் ஒரு குறி,
பக்கத்தில் ஒரு சொல்: புகைபோக்கி.

"என் பாய்லர்," என்றார்.
பிறகு தியோவுக்கும் கேட்கும்படி,
"எங்க பாய்லர் லா அது."

ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி.
நூறு குறைந்தது. பொருத்தும் தாங்கி சும்மா.

மோட்டார்சைக்கிளில்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
முன்னாலிருந்து ஏதோ கேட்டார்,
காற்றில் பாதிதான் வந்தது.
முதல் குறியை எங்கே வைப்பது என்று.
"செனாங்கின் விழுகிற இடத்தில்," என்றேன்.
"அந்த இடத்தை நான் யாருக்கும் காட்டமாட்டேனே."
"எனக்குமா?"
பதில் சொல்லாமல்
கியரை மாற்றினார்.