கந்தகம், அரை மூட்டை

உம்மு ஐன் விடுதி வரவேற்பறையில்
பித்தளைப் பலகை சொல்கிறது:
'ஈராயிரம் ஆண்டாய் வற்றாத வெந்நீர் ஊற்று.'
பதினோரு ஆண்டாய் அதைக் காய்ச்சுபவன் நான்.

முதலில் வந்தவர்கள் முத்துக் குளித்தவர்கள்.
நான்கு மாத உப்பு தின்ற தோளும்
சீழ் கோத்த காதுமாய்
படகிலிருந்து நேரே வந்து
கழுத்துவரை கிடப்பார்களாம்.
கடன் கொடுத்த நகுதாவும் அதே குழியில், எதிரே.
இடுப்புத் துணியோடு இருக்கையில்
யாரும் கணக்குப் புத்தகம் விரிப்பதில்லை.

பிறகு எண்ணெய்க் கம்பெனி டாக்டர்
வாதத்துக்கு நல்லதென்று எழுதிக்கொடுத்தார்.
நாலு சுவர் எழும்பியது. கதவில்
'அலுவலர்களுக்கு மட்டும்.'
சுவருக்கு வெளியே, கழிவு வாய்க்காலில்
ஊர் குளித்தது.
அதே நீர்தான்.
கொஞ்சம் ஆறியிருக்கும், கொஞ்சம் சோப்பு நுரைக்கும்.

எழுபத்தாறில் ஹோட்டல், ஏழு மாடி,
பாலைமண்ணில் புல்வெளி,
புல்லுக்கும் ஊற்றுநீர்.
அடியில் கடல் சத்தமில்லாமல் உள்ளே நடந்தது.
எண்ணெய்க் கிணறுகள் எரிந்து வானம் கறுத்த வருடம்
ஒரு புதன்கிழமை
குழாய் இருமியது.
அவ்வளவுதான்.

இதெல்லாம் பலகையில் இல்லை.
எனக்கு முன் பம்ப் அறையிலிருந்த குஞ்ஞம்பு
பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில்
மலையாளத்தில் கிறுக்கிவைத்தது.
தக்கலைக்காரனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும்.

அரபியில் ஊற்றும் ஐன், கண்ணும் ஐன்.
நாமும்தான் ஊற்றுக்கண் என்கிறோம்.
மூடிய அந்தக் கண்மேல் இப்போது நீலப் பீங்கான் ஓடு.
வாரத்துக்கு ஆறு டேங்கர்,
மூட்டையில் கந்தக உப்பு,
முப்பத்தொன்பது டிகிரி.

செவ்வாய், பெண்கள் நேரம்.
முழங்கால் இரண்டும் போன மோஸா
காற்றுத் துளை வழியே கூப்பிடுவாள்:
"ஸதீக், இன்று டேங்கர் தாமதமா?"
எனக்குக் குப்பென்று வியர்த்தது, முதல் தடவை.
தெரிந்தா வருகிறீர்கள், தீனாரைக் கொட்டி?
ஈரச் சிரிப்பு ஒன்று துளையில் எதிரொலித்தது.
"வாய்க்காலில் குளித்தவள் நான்.
சுவருக்கு இந்தப் பக்கம்
இப்போதுதானே இடம் கிடைத்தது.
தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன,
சூட்டைக் குறைக்காதே."

இன்று மேலாளர் ஒரு கருத்து அட்டை அனுப்பினார்.
நானூற்றுப் பன்னிரண்டாம் அறை விருந்தாளி எழுதியது:
எல்லாம் நன்று,
இயற்கையின் வாசனைதான் போதவில்லை.

நாளையிலிருந்து
அரை மூட்டை கூடுதல்.