பதினேழாம் கேள்வி

"தொழில்?" என்றேன்.
"சும்மாதாம்மா இருக்கேன்"
என்றாள் கீழக்கடையம் முப்பிடாதி.
மடிச் சுளகில் அறுநூறு பீடி.

எத்தனை மணி நேரம்?
விடிகாலைச் செங்கோட்டை வண்டியிலிருந்து
ராத்திரி கடைசி வண்டி தாண்டி;
நடுவில் உலை, துணி, ரேஷன் வரிசை.
கூட்டிக் கழித்தேன்: பதினொன்றே கால்.
கட்டத்தில் முன்னமே அச்சாகியிருந்தது
'இல்லத்தரசி'.
அடித்துவிட்டு எழுதினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து
மசோதாவில் ஒரு வரி வந்தது:
வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளி.
எங்கள் அட்டவணை அடிக்குறிப்பில்,
பொடி எழுத்தில்.

நகலோடு போனேன்.
இலை வெட்டும் கத்திரி நிற்கவில்லை.
"கம்பெனிக்காரன் கழிச்சுப் போடுத பீடி
இதுல எந்த வரியில இருக்கு?"

பக்கம் புரட்டினேன்.
சாயங்கால வண்டி போயிற்று.