பதினாலாம் கேள்வி

கொருக்குப்பேட்டை கேட் போட்டு இருபது நிமிஷம்.
ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆள் நான்.
பாதி உடம்பு உள்ளே, கைடு மடியில்.
டேங்கர் வேகன்கள் போய்க்கொண்டே இருக்கின்றன;
நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

முதல் பதின்மூன்றும் சுலபம்.
பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி.
நடுவில் நாலு புள்ளி
பொத்தானின் துளைகள் மாதிரி.
நூலை நாம்தான் கோக்கணும்.

கைடு சொல்கிறது:
விடைகளை உடனே பார்க்காதே,
உறவை முதலில் ஒரு வாக்கியமாக்கு.

மாலுமி : கப்பல் :: ஓட்டுநர் : ?

ஆக்கினேன்.
மாலுமி கப்பலில் காத்துக் கிடப்பான்.

அண்ணன் துளசிங்கம்
துறைமுக வரிசையில் டிரெய்லரோடு மூன்றாம் நாள்.
ஒரு நாளைக்கு நானூறு அடி நகர்கிறான்.
வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிறான்.
நேற்று ராத்திரி போனில்,
"கடல்ல ஏழெட்டு கப்பல் வெளக்கு தெரியுது.
அவனுங்களையும் உள்ள வுடல போல."

விடை இ. லாரி.
பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன், சரிதான்.
வாக்கியம்தான் வேறு:
இயக்குபவர், இயக்கப்படுவது
என்று போட்டிருக்கிறார்கள்.
விடைத்தாளில் வாக்கியத்துக்கு இடமில்லை.
வட்டம் கறுத்தால் போதும்.

பதினைந்தில் கொஞ்சம் தகராறு.
நிலக்கரி : சாம்பல் :: பால் : ?
தயிரும் இருக்கிறது, ஏடும் இருக்கிறது.
எண்ணூர் அத்தை மாடியில் காயும் துணியை
இரண்டு தடவை உதறித்தான் மடிப்பாள்.
எது எதுவாக மாறும் என்று கேட்கிறார்களா,
எது மேலே வந்து படியும் என்றா?
ஏடு என்றுதான் கை போகிறது.
தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.
விட்டுவிட்டேன்.

பக்கத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி அக்கா,
கழுத்தில் அடையாள அட்டை, எட்டிப் பார்த்து,
"நாலு புள்ளி இன்னாத்துக்குமா?"
"அதே மாதிரின்னு அர்த்தம்."
"எதே மாதிரி?"

கேட் தூக்கியாச்சு.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஹாரன்.
தண்டவாளத்தில் ஆட்டோ எகிறிக் குதித்ததில்
மாலுமியில் தொடங்கி, சாம்பலைக் கிழித்து,
பதினேழாம் கேள்வியின் பூட்டு வரைக்கும்
பென்சில் ஒரே கோடாய் இழுத்துவிட்டது.

ரப்பர் கொண்டுவரவில்லை.