அவருக்குக் கீழே ஏழு குதிரைகள்

நூற்பாலைக் கையேடுகள்தான் என் பிழைப்பு.
கோன் சுற்றும் மெஷின் எங்கே எண்ணெய் கேட்கும்,
எந்தத் திருகை எத்தனை சுற்று இறுக்கவேண்டும்,
ஜெர்மன் சொல்வதை ஓமலூர் ரோட்டு ஃபிட்டர்களுக்குத் தமிழில் சொல்வேன்.
சொல்லுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்.

வைகாசியில் கிராட்ஸிலிருந்து ஒரு கோப்பு.
அனுப்பியவர் ஹெல்ஸ்ல்; இங்கே மெஷின் பூட்ட வந்து
நாற்பது நாளும் தட்டுவடை செட் தின்றே கழித்தவர்.
"என் ஓட்டனுக்கும் அப்பால் ஒருவர், ஃப்ராவ் குணவதி,
குதிரைப்படைத் தளபதி.
மகள் கனடாவில். ஜெர்மன் மறந்துவிட்டாள்.
ஆங்கிலத்தில் வேண்டும்."

ஆங்கிலத்துக்குப் போகுமுன் எதுவும் எனக்குத்
தமிழில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டும்.

ஆண்டுக்கொரு நடத்தைப் பட்டியல்.
குடிப்பாரா: இல்லை.
சூதாடுவாரா: இல்லை.
கடன்: உண்டு, குதிரை வாங்கிய வகையில்.
சண்டைக்காரரா: மேலதிகாரிகளோடு மட்டும்.
இப்படி ஒரு பட்டியலை என் கல்யாணத்துக்கு முன்
யாராவது கையில் கொடுத்திருந்தால்... சரி, அது வேறு கணக்கு.

பதினாறு வயதில் கொடிதாங்கி.
துருக்கியரோடு போர்; எதிரியைக் காணுமுன்பே
டான்யூப் சேற்றுக் காய்ச்சல் பாதிப் படையைத் தின்றது.
வூர்ட்ஸ்புர்க்கில் இடது காது போனது, மேஜர் பதவி வந்தது.
காதுக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது.
அவருக்குக் கீழே சுடப்பட்டு விழுந்த குதிரைகள்: ஏழு.
ஏழுக்கும் பெயர் இல்லை.

ஆயிரத்தெண்ணூற்று ஐந்து, அக்டோபர் மழை, உல்ம் நகரம்.
சுற்றிலும் பிரெஞ்சுக்காரர்கள்.
உள்ளே தலைமை, நாளை உதவி வரும் என்று
வரைபடத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது.
இவர் இரவோடிரவாக வெளியேறுகிறார்,
ஆயிரத்து நானூறு குதிரைகளோடு.
எட்டு நாள் ஓட்டம். போஹேமிய எல்லையில் எண்ணுகிறார்கள்.
அப்காங்: முந்நூற்றுப் பதினொன்று.

அப்காங்.
பதினேழு வருடமாக என்னிடம் இருக்கும் சொல்.
கார்டிங்கில் உதிரும் குறுநார், தரையில் பெருக்கும் பஞ்சு.
விரல் பழக்கத்தில் அடித்துவிட்டது:
குதிரை, கழிவு, முந்நூற்றுப் பதினொன்று.

அழித்தேன். இழப்பு என்றேன்;
அதில் யாரோ அழுகிறார்கள், இந்தத் தாளில் யாரும் அழவில்லை.
குறைவு என்றேன். தராசுக்கடை மாதிரி இருந்தது.

யார் உத்தரவில் வெளியேறினீர் என்கிறது விசாரணை மன்றம்.
பதில் ஒரே வரி:
வைக்கோல் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.
நாலு வருடம் பதவி உயர்வு இல்லை.
வாக்ராமில் மூன்று முறை பாய்ந்தபின் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன்.
ஏரி ஓரம் கவுஸின் ஒற்றைக் குதிரை, சுற்றுக்கு நூறு ரூபாய்.
மூணு நாள் தீனி இல்லேன்னா என்ன பண்ணும்?
ப்ளூ கிராஸா என்றார். இல்லை என்றேன்.
கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"பக்கத்துக் குதிரை வாலைத் தின்னும். லகானைத் தின்னும்.
அப்புறம் மரத்தைக் கடிக்கும்."
உங்களை?
"என்னைக் கடிக்காதும்மா. அதான் கஷ்டம்."

இறங்கும்போது இருட்டிவிட்டது.
இருபது கொண்டை ஊசிகளிலும் வண்டி விளக்குகள்
மூக்கும் வாலுமாக அஸ்தம்பட்டிப் பக்கம் வழிந்தன.
வளைவில் ஒன்று மறைந்தால்
அடுத்த வளைவில் அது வருகிறதா என்று பார்த்தேன்.
சில வந்தன.

கடைசித் தாள், செத்தபின் எடுத்த சொத்துக் கணக்கு.
வாள் இரண்டு. வெள்ளிக் கரண்டி ஆறு, ஒன்று வளைந்தது.
கிழக் குதிரை ஒன்று, சாம்பல் நிறம், மதிப்பில்லை.
பெயர் எழுதியிருக்கிறது.
எழுத்துப் புரியாமல் ஹெல்ஸ்ல் கேள்விக்குறி போட்டிருந்தார்.
நானும் அதையே போட்டேன். சொற்கணக்கில் சேர்க்கவில்லை.

முந்நூற்றுப் பதினொன்றின் எதிரே
திரும்பாதவை என்று தமிழில் எழுதிவைத்து
ஆங்கிலத்தில் ஏதோ ஒன்றை அனுப்பினேன்.

திங்கள் காலை மில்லிலிருந்து போன்.
"மேடம், புது மெஷின் புக்குல ரெண்டாம் பக்கம்,
அப்காங், நாலு சதவீதத்துக்குள்ளன்னு இருக்கே.
கழிவுதானே?"

கழிவுதான், என்றேன்,
கொஞ்சம் நேரம் கழித்து.